நோர்மானியர் வெற்றியும் ஆங்கிலேயர் கிளர்ச்சிகளும்

1066 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14 ஆம் நாள் ஹேஸ்ரிங்ஸ் போர்க்களத்திலே ஹரோல்ட் மன்னன் மடிந்தான். அன்றே ஆங்கில நாடு நோர்மானியர் வசமாயிற்று என்பது பலர்தம் எண்ணம். அதன்பின் ஐந்தாண்டுகள் நாட்டின் பல பாகங்களிலும் மூண்ட கிளர்ச்சிகளை நோக்குவார்க்கு இவ்வெண்ணம் பொருந்தாதென்பது புலனாகும். வில்லியம் கொணர்ந்த படையினர் ஏறக்குறைய 7,000 பேர் என்பர். வெல்லப்பட்ட மக்களோ பதினைந்து இலட்சத்துக்குக் குறையாதவர். இத்துணைப் பெரிய மக்கட்கூட்டம் அச்சிறு படையினை வெளியேற்ற இயலாது போனமைக்குக் காரணம் யாது? கிளர்ச்சிகளால் விளைந்த பயன் யாது? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கன.

வில்லியம் தன்னை எட்வேட் மன்னனின் முறையான வாரிசு என்றே கூறிக்கொண்டான். அவ்வாண்டு டிசெம்பர் 25 ஆம் நாள் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் முடிசூடினான். உள்ளே மக்கள் எழுப்பிய வாழ்த்தொலியினைக் கலகக் குரலெனப் பிறழ உணர்ந்த நோர்மானியக் காவலர் அயலிலிருந்த வீடுகளுக்குத் தீயிட்டனர். வென்றோரும் வெல்லப்பட்டோரும் ஒருவரையொருவர் எத்துணை ஐயுற்றனர் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று. எனினும், தொடக்கத்திலே மன்னன் ஆங்கிலப் பிரபுக்களை அடியோடு ஒதுக்க எண்ணினானல்லன். எட்வின், மோர்க்கார், வால்தியோவ் ஆகியோர் தத்தம் பதவிகளிலே நிலைத்தனர். இலண்டன் நகரத்தார்க்கு அவன் விடுத்த ஆணையும் ஆங்கில மொழியிலேயே அமைந்தது. மறுபுறம், ஹேஸ்ரிங்ஸிலே வீழ்ந்தோரின் நிலங்கள் நோர்மானியர் கைக்கு மாறின, வரிச்சுமையும் மிகுந்தது. கிளர்ச்சிக்கு வித்திட்டவை இவையே.

1067 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே மன்னன் தன் தாயகம் சென்றான். அவன் மீளுமுன்னரே மேற்கெல்லையில் எட்ரிக் என்பான் வேல்சியரைத் துணைக்கொண்டு ஹெரவோட் நாட்டைச் சூறையாடினான். கென்ற் மக்கள் பூலோன் நாட்டு யூஸ்ரஸை வரவழைத்து டோவர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றனர். இந்த யூஸ்ரஸ் 1051 ஆம் ஆண்டிலே டோவர் மக்களோடு பொருது அவர் வெறுப்பைத் தேடிக்கொண்டவன். ஹேஸ்ரிங்ஸில் வில்லியத்தின் பக்கம் நின்றவன். தமக்கெனத் தலைவர் ஒருவரின்றி மக்கள் இடர்ப்பட்டமை இதனால் விளங்கும். 1068 இல் ஹரோல்டின் தாய் தங்கியிருந்த எக்ஸெற்றர் நகரம் வாயில்களை அடைத்துக்கொண்டு 18 நாள் முற்றுகையைத் தாங்கிப் பின்னர் பணிந்தது. முற்றுகையிட்ட படையிலே ஆங்கிலேயரும் இருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று.

அதே ஆண்டில் எட்வினும் மோர்க்காரும் வடக்கே கலகந் தொடங்கினர். மன்னன் தன் படையை நடத்திச் சென்று, செல்லும் வழியெல்லாம் கோட்டைகளை எழுப்பினான். வோரிக், நொற்றிங்காம், யோக், லிங்கன், கேம்பிரிட்ஜ் முதலிய இடங்களிலே அவை தோன்றின. மண்மேடு குவித்து, அதன் உச்சியில் மரக் கோபுரம் அமைத்து, சுற்றிலும் அகழி வெட்டுதலே அக்காலக் கோட்டை முறை. சில நாட்களிற் கட்டி முடிக்கக்கூடிய அத்தகைய கோட்டையிலிருந்து சிறு காவற்படையொன்று ஒரு நகரத்தையே அடக்கி ஆள முடிந்தது. லிங்கன் நகரிலே கோட்டைக்காக 166 மனைகள் அழிக்கப்பட்டன. பிரபுக்கள் இருவரும் போர் புரியாமலே பணிந்தனர்.

கிளர்ச்சிகளுள் மிகப் பெரியது 1069 இல் நிகழ்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலே டேரம் நகரில் மன்னனின் பிரதிநிதியும் அவன் படையினரும் கொல்லப்பட்டனர். இலையுதிர் காலத்திலே டென்மார்க்கு மன்னன் ஸ்வெயின் அனுப்பிய பெருங் கப்பற்படை ஹம்பர் ஆற்றினுள் நுழைந்தது. பழைய அரச குலத்து எட்காரும் வால்தியோவும் அதனோடு சேர்ந்தனர். செப்ரெம்பர் 21 ஆம் நாள் யோக் நகரக் கோட்டைகள் வீழ்ந்தன. மேற்கிலும் தென்மேற்கிலும் அவ்வேளையிலேயே கலகம் மூண்டது. நோர்மானியர் ஆட்சி ஆட்டங்கண்டது அப்பொழுதே எனலாம். ஆயினும், முந்திய ஆண்டிலே மன்னனை எதிர்த்த எக்ஸெற்றர் நகரத்தார் இம்முறை அவன் பக்கமே நின்றனர்; மொன்ரகியூற் கோட்டையை மீட்கச் சென்ற படையிலே இலண்டன், வின்செஸ்ரர் நகரத்தாரும் இருந்தனர். டேனியரோ பொருள் பெற்றுப் போரினின்றும் ஒதுங்கினர்.

அதன்பின் மன்னன் எடுத்த நடவடிக்கை வரலாற்றிலே அழியாப் பழியாயிற்று. 1069 – 70 மாரிக்காலத்தில் வடநாட்டு ஊர்கள் எரிக்கப்பட்டன. தானியமும் கால்நடையும் உழுபடையும் அழிக்கப்பட்டன. பஞ்சத்தால் ஓரிலட்சம் பேர் மாண்டனர் என ஓர்டெரிக் விற்றாலிஸ் என்னும் துறவி பின்னாளில் எழுதினார். அவ்வெண் மிகைப்பட்டதாகலாம். ஆயினும், வில்லியத்தைப் பலவிடங்களிற் புகழ்ந்த அவரே இச்செயலைக் கொடுங்கொலையெனக் கண்டித்தமை நோக்கற்பாலது. 1086 ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலும் யோக் நாட்டு ஊர்கள் பல பாழெனவே குறிக்கப்பட்டுள்ளன.

எஞ்சியது ஈலித் தீவே. சதுப்பு நிலஞ் சூழ்ந்த அங்கே ஹெரிவாட் என்னும் வீரன் எதிர்த்து நின்றான். 1071 இல் மோர்க்கார் அவனோடு சேர்ந்தான். எட்வின் அதே ஆண்டில் தன்னவராலேயே கொல்லப்பட்டான். மன்னன் சதுப்பிற்குக் குறுக்கே பாதை அமைத்துத் தீவினைக் கைப்பற்றினான். மோர்க்கார் சிறைப்பட, ஹெரிவாட் தப்பினான். 1075 இல் எழுந்த கலகத்தை நடத்தினோர் மன்னனால் உயர்த்தப்பட்ட பிரபுக்களாகிய ரொஜரும் ராவ்பும் ஆவர். அதனை அடக்குவதற்கு ஆங்கில ஆயராகிய வுல்ஸ்ரனே துணை நின்றார். அக்கலகத்தில் தொடர்புற்ற வால்தியோவ் 1076 இல் தலை துண்டிக்கப்பட்டான்.

இனி, முதல் வினாவுக்கு விடை கூறலாம். ஆங்கிலேயரிடத்து வீரம் இல்லாமலில்லை. கென்றுக்காரர் கென்றுக்காகவும், எக்ஸெற்றர் நகரத்தார் தம் உரிமைக்காகவும், வடநாட்டார் வடநாட்டுக்காகவும் எழுந்தனர். ஒரு பகுதி எழுந்தவேளை மற்றப் பகுதி வாளாவிருந்தது. சிலவேளை மன்னனுக்கே படை உதவிற்று. யாவரையும் இணைக்க வல்ல தலைவன் இருந்திலன். விரைந்து செல்லும் குதிரைப்படையும் கோட்டைகளும் உடைய மன்னன் ஒவ்வொன்றாக அவர்களை வென்றான்.

இரண்டாம் வினாவின் விடை இதனினும் துயர் தருவது. ஆங்கிலப் பிரபுக்களுடன் சேர்ந்து ஆளத் தொடங்கிய மன்னன், கிளர்ச்சிகளின் பின் அவர்மீது நம்பிக்கை இழந்தான். 1086 இல் ஆங்கிலப் பெருநிலக்கிழார் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சினர்; ஆயர் பதவிகளும் பெரும்பாலும் பிறநாட்டார் வசமாயின. தம் நிலத்தையும் பதவியையும் காத்தற்பொருட்டு எழுந்தோர் அவற்றை முற்றாக இழந்தனர். ஒற்றுமையின்றி எழும் எழுச்சி எதிரியின் கையை வலுப்படுத்தும் என்பதே இவ்வைந்தாண்டு வரலாறு புகட்டும் பாடமாகும்.