கட்டாத மண்டபம்

குளியலறையில் நாம் எல்லோருமே பாகவதர்கள்தான்! காரணம் குரல் அல்ல, சுவர். ஓசை சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பிக் குரலுக்குக் கனம் சேர்க்கிறது. ஸ்டுடியோ பாஷையில் இதற்குப் பெயர் 'ரிவெர்ப்'.

1947-ல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், 'ஹார்மோனிகேட்ஸ்' குழுவின் இசைக்கு நிஜமாகவே ஒரு குளியலறையைப் பயன்படுத்தினார். உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். அவ்வளவுதான். ரெக்கார்டு சூப்பர் ஹிட்!

எல்லா ஸ்டுடியோவிலும் தோதான அறைக்கு எங்கே போவது? 1957-ல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. கம்பெனி, இரண்டு மீட்டர் நீள எஃகுத் தகட்டைத் தொங்கவிட்டு அதிரவைத்தது. அருமையான ரிவெர்ப். ஆனால், எடை சுமார் 270 கிலோ!

சுவரும் வேண்டாம், தகடும் வேண்டாம், கணக்குப் போட்டாலே போதும் என்று 1960-களின் தொடக்கத்தில் சொன்னவர், பெல் ஆய்வகத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடர். ஓசையை எண்களாக்கி, தாமதப்படுத்தி, திரும்பத் திரும்பக் கலப்பதுதான் சூட்சுமம். அதைச் சுடச்சுடப் போட்டுத் தரும் வேகம் அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு இல்லை. 1976-ல் பாரி பிளெஸர் வடிவமைத்த 'ஈ.எம்.டி. 250' அதைச் சாதித்தது. விலைதான் யானை விலை! இரண்டே வருடத்தில், டேவிட் கிரீஸிங்கர் என்ற இயற்பியல்காரர் உருவாக்கிய 'லெக்ஸிகான் 224' அதைவிட மலிவாக வந்தது.

இன்று அந்தக் கணக்கு செல்போனிலேயே இருக்கிறது. பாடுவது சின்னஞ்சிறு அறையில். கேட்பதோ மாபெரும் மண்டபத்தில். அந்த மண்டபத்தை யாரும் கட்டவே இல்லை!