நித்தியகல்யாணியின் வரலாறு

நாட்டு மருந்தைக் கண்மூடி நம்புவோரும் கண்மூடி இகழ்வோரும் அதனைச் சோதித்துப் பார்ப்பதில்லை. இவ்விரு சாராரும் அறியவேண்டிய வரலாறு ஒன்றுண்டு.

ஜமேக்கா மக்கள் நீரிழிவுக்கு நித்தியகல்யாணி இலைக் கஷாயம் அருந்தி வந்தனர். 1952இல் அவ்விலைகள் கனடா நாட்டு ஆய்வாளர் ராபர்ட் நோபிளின் கைக்கு எட்டின. வாய்வழி கொடுத்த சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஊசிவழி ஏற்றியபோதோ, வெள்ளணுக்கள் அருகி எலிகள் நோய்த்தொற்றால் மடிந்தன. காரணத்தைத் தேடிய அவரும் சார்ல்ஸ் பியரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டீனை 1958இல் உலகுக்கு அறிவித்தனர்; அது புற்றுநோய்க்கு மருந்தாயிற்று.

இன்சுலின் தேவைப்படும் ஏழை நோயாளி அக்கஷாயத்தையே நம்பின் உயிரிழப்பார். இலையைச் சோதியாது எறிந்திருந்தாலோ, அதனுள் இருந்த அருமருந்து புலப்பட்டிராது. மக்கள் அனுபவத்தை ஆய்வுசாலைக்குக் கொண்டுசெல்வதே அதற்கு நாம் செய்யும் மரியாதை என்போம்.