பாலையாவின் முகம்

தமிழ்ச் சினிமாவில் நகைச்சுவை நெடுங்காலம் தனிக்குடித்தனம்தான். என்.எஸ்.கிருஷ்ணன் காலந்தொட்டே அதற்குத் தனிக்குழு, தனிக்கதை. கத்தரித்து எறிந்தாலும் மூலக்கதை நொண்டாது. 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' இந்த ஏற்பாட்டைக் கலைத்தது.

படமெடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், அப்பா பாலையாவிடம் திகில்கதை சொல்கிற காட்சி. கதையென்று அங்கே ஒரு மண்ணும் கிடையாது. வெறும் ஓசைகள், கையசைவுகள், நடுநடுவே மௌனம். நாம் சிரிப்பது நாகேஷைப் பார்த்து மட்டுமல்ல. பிள்ளையின் வாயிலிருந்து வரும் சத்தத்துக்கு எஸ்டேட் முதலாளியின் முகம் கோணிக்கோணிப் போவதைப் பார்த்து. இல்லாத கதை அந்த முகத்தில்தான் நடக்கிறது. சொத்தெல்லாம் அப்பன் கையில். ஆனால் அந்தச் சில நிமிஷத்துக்கு அதிகாரம் சொல்பவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

1989இல் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழம். நகைச்சுவையை எழுதியவர் ஏ.வீரப்பன், எழுத்தளவில் மறுபடியும் தனிக்குடித்தனம். இங்கேயும் தர்க்கத்தில் ஜெயிப்பவன் கீழே இருக்கிற செந்தில்தான். ஒரே பழத்தை இரண்டாகக் கணக்குக் காட்டுகிறவனிடம் கவுண்டமணிக்கு மறுமொழி இல்லை. கை ஓங்குவதுதான் மிச்சம். இந்த ஜோடியின் படங்கள் பலவற்றில் செந்திலின் கறுப்பும் பருமனும் வசவுக்கான சரக்கு. தியேட்டரில் அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தோம், நானும்தான்.