ஆழ்கடலின் மௌனம்: நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு



நபி யூனுஸ் (அலை) அவர்கள் மீனின் வயிற்றிலிருந்து இறைவனை அழைத்த வரலாற்றை நம் பிள்ளைகள் மதரஸாவில் இளமையிலேயே கற்கின்றனர். இருளினுள் எழுந்த அவ்வழைப்பை அல்லாஹ் செவியுற்றான். மனிதனோ இரும்பு மீன் ஒன்றைச் செய்து கடலுக்குள் புகுந்தபோது, கரையோடு பேசும் வழியை இழந்தான். நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு அந்த மௌனத்தின் வரலாறும் ஆகும்.

1864 பிப்ரவரி 17 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில், ‘ஹன்லி’ என்னும் கலம் ‘ஹூசடானிக்’ என்னும் கப்பலை மூழ்கடித்தது. நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலை வீழ்த்தியது அதுவே முதன்முறை. கையால் சுழற்றி இயக்கப்பட்ட அக்கலத்தில் சென்ற எட்டுப் பேருள் ஒருவரும் திரும்பவில்லை. அது கடலடியிலிருந்து மீட்கப்பட்டது 2000-ஆம் ஆண்டில்தான்.

பின்னர் டீசல் எஞ்சினும் பேட்டரியும் வந்தன. எஞ்சினுக்குக் காற்று வேண்டுமாதலால், பேட்டரிக்கு மின்னேற்ற அக்கலங்கள் அடிக்கடி மேலே வர நேர்ந்தது. 1955-இல் அமெரிக்காவின் ‘நாட்டிலஸ்’ அணுசக்தியால் பயணம் தொடங்கியபின் அத்தடையும் நீங்கியது. மறைவும் மௌனமும் நீண்டன.

இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான ‘கல்வாரி’ 1967 டிசம்பர் 8 அன்று கடற்படையில் சேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் போர் மூண்டது. விமானந்தாங்கிக் கப்பலான ‘விக்ராந்தை’த் தேடி வங்கக்கடலுக்கு வந்த பாகிஸ்தானின் ‘காஸி’, 1971 டிசம்பர் 3-4 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது. அதிலிருந்த 90-க்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. அது மூழ்கியது எவ்வாறு என்பதில் இரு நாடுகளின் கூற்றும் இன்றளவும் வேறுபடுகின்றன. டிசம்பர் 9 இரவு, அரபிக்கடலில் பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கி நமது ‘குக்ரி’யைத் தாக்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 194 பேர் உயிரிழந்தனர்.

மலைமேல் இருக்கும் நம் பாச்சலூரில் கைப்பேசிக்கு அலை கிடைக்காவிடில், வெளியூர் சென்ற பிள்ளையை எண்ணி வீடே தவிக்கிறது. கடல்நீரோ சாதாரண வானொலி அலைகளை உட்புக விடுவதில்லை. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகளே சில மீட்டர் ஆழம் செல்லும். அவ்வலைகளை அனுப்புவதற்கென்றே திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ நிலையம் 1990-இல் தொடங்கப்பட்டது. வானளாவிய கோபுரங்கள் அங்கே நிற்கின்றன. நீர்மூழ்கியில் இருப்போர் அச்செய்தியைக் கேட்கலாம். அவ்வழியே பதில் சொல்ல இயலாது. அத்தகைய அலைகளை அனுப்பும் பேருருவ ஆன்டெனாவைக் கப்பலில் பொருத்த முடியாது. வேறு அலைவரிசையில் பேசினாலோ, இருக்குமிடம் பகைவனுக்குத் தெரிந்துவிடும்.

2009-இல் நீரில் இறக்கப்பட்ட அணுசக்தி நீர்மூழ்கியான ‘அரிஹந்தின்’ அணுஉலைக்கு முன்மாதிரியும் நமது கல்பாக்கத்திலேயே சோதிக்கப்பட்டது. ஆக, ஆழ்கடல் மறைவுக்குரிய ஆற்றலும், அங்கே எட்டும் குரலும் தமிழ் மண்ணிலிருந்து செல்கின்றன.

இதனைப் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்வோம். கூடவே, 1971-இல் ‘குக்ரி’யின் வீடுகளிலும் ‘காஸி’யின் வீடுகளிலும் தாய்மார்கள் ஒரே விதமாகத்தான் காத்திருந்தார்கள் என்பதையும் சொல்வோம். கடலடியில் பணியாற்றுவோர் நலமாய்க் கரைசேரவும், அவர்களுடைய ஆயுதங்கள் பயன்படும் நாள் ஒருபோதும் வராதிருக்கவும் துஆச் செய்வோம்.