ஃபுளோரைடு: பயனும் பாதிப்பும்

தனிமத்தின் தன்மை

ஃபுளோரின், அணு எண் 9 கொண்ட வெளிர்மஞ்சள் நிற வாயுத் தனிமம் ஆகும். மிகுந்த வினைத்திறன் உடையதாதலால் இயற்கையில் தனித்துக் கிடைப்பதில்லை. ஃபுளோரைடு சேர்மமாகப் பாறைகளில் உள்ளது. அப்பாறைகளின் ஊடே தேங்கும் நிலத்தடி நீரில் அது கரைந்து கலக்கிறது.

பயன்கள்

சிறிதளவு ஃபுளோரைடு பல் எனாமலை வலுப்படுத்திச் சொத்தையைத் தடுப்பதால் பற்பசையில் சேர்க்கப்படுகிறது. அலுமினிய உற்பத்தியிலும், ஒட்டாத பாத்திரங்களின் மேற்பூச்சிலும் ஃபுளோரின் சேர்மங்கள் பயன்படுகின்றன.

பாதுகாப்பான அளவு

இந்தியத் தர நிர்ணயப்படி, குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, மாற்று நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 மி.கி. வரை அனுமதிக்கப்படுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீர் இவ்வரம்பைக் கடந்தமையால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே காவிரி நீர் வழங்கப்படுகிறது.

பாதிப்புகள்

பற்கள்: பல் உருவாகும் பருவத்தில், அதாவது சுமார் 8 வயதுக்குள், மிகுதியான ஃபுளோரைடு உட்கொண்டால் நிலைப்பற்களில் வெண்திட்டுகளோ பழுப்புக் கறைகளோ தோன்றும். இவை துலக்குவதால் நீங்கா.

எலும்புகள்: பல்லாண்டுகள் தொடர்ந்து அருந்துவோருக்குக் கழுத்து, முதுகு, மூட்டுகளில் வலியும் விறைப்பும் உண்டாகும். முதுமையின் வலி என்று பலரும் இதனைப் புறக்கணிப்பர். முற்றிய நிலையில் முதுகெலும்பு வளைந்து, நரம்புகள் அழுத்தப்பட்டு, நடமாட்டம் குன்றும். ஃபுளோரைடு பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரக நோயாளிகள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

• நிறம், மணம், சுவையால் ஃபுளோரைடை அறிய இயலாது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதனை செய்வித்தல் அவசியம்.
• காய்ச்சுவதால் ஃபுளோரைடு நீங்காது. நீர் வற்றுந்தோறும் அதன் செறிவு கூடும்.
• குடிப்பதற்கு மட்டுமன்றிச் சமையலுக்கும் பாதுகாப்பான நீரையே பயன்படுத்துக.
• 3 வயதுக்குட்பட்டோருக்கு அரிசியளவும், 3 முதல் 6 வயதினருக்குப் பட்டாணி அளவும் பற்பசை போதும். விழுங்காமல் துப்பப் பழக்குக.
• பால், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்க. கறுப்பு உப்பையும் மிகுதியான தேநீரையும் தவிர்க்க.

எலும்பில் நேர்ந்த மாற்றங்களை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. எனினும், நீரை மாற்றுவதால் பாதிப்பு மேலும் வளராமல் தடுக்கலாம். ஒரே நீராதாரத்தைப் பயன்படுத்தும் குடும்பத்தில் ஒருவருக்கு அறிகுறி தென்பட்டாலும், குழந்தைகள் உட்பட அனைவரையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்க.