சிங்கம் தின்ற எருது யாருடையது? – குத்தகைக் காரின் கதை

சில மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அவன் தங்கையின் மகன். நல்ல உத்தியோகம், இன்னும் திருமணமாகவில்லை. "மாமா, பி.எம்.டபிள்யூ எம்3 ஒன்றை மூன்று வருட லீசுக்கு எடுக்க யோசிக்கிறேன். இது லாபமோ நட்டமோ எண்டு சொல்லுங்கோ" என்றான். நாற்பதாண்டு காலம் செய்தித்தாளில் அரசியலும் பொருளாதாரமும் எழுதியவன் என்பதால் மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை அவனுக்கு.

நான் வாய் திறப்பதற்கு முன்னரே அருகிலிருந்த தங்கை குறுக்கிட்டாள்: "எடுக்கட்டும் அண்ணா, மூன்று வருசம் கட்டினால் கார் சொந்தமாகிவிடும்தானே?"

சிக்கல் அங்கேதான் இருந்தது. தாயும் மகனும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஆனால் இருவரும் இரு வேறு பொருள்களைக் கருதினார்கள். அந்தச் சொல்லின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்காமல் மருமகனுக்குப் பதில் கூற முடியாது என்று தோன்றிற்று.

நமது 'லீசிங்', அவர்களது 'லீசிங்'

எங்கள் தலைமுறைக்குக் கார் என்பது ஒருமுறை வாங்கி ஆயுள் முழுவதும் வைத்திருக்கும் பொருள். 1990ஆம் ஆண்டின் பின்னர் வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், யாழ்ப்பாணத்து ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நாற்பது வயதைத் தாண்டிய அந்த வாகனங்களின் பெறுமதியை எந்தக் கணக்காளரும் மதிப்பிட்டிருக்க முடியாது.

இலங்கையில் நிதிக் குத்தகைத் தொழில் 1980இல் லங்கா ஓரியன்ட் லீசிங் நிறுவனம் தோன்றியதுடன் வேரூன்றியது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் அதற்கு ஒழுங்கமைப்பைத் தந்தது. 2009இல் போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் என்று அது பரவியது. தவணை தவறியோர் வாயில் 'லீசிங்'குடன் 'சீசிங்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. இங்கு வழக்கிலுள்ள முறையில் தவணைகள் அனைத்தையும் கட்டி முடித்தால் வாகனம் கட்டியவருக்குச் சொந்தமாகும். பெயர் குத்தகையாயினும் நடைமுறையில் அது தவணைக் கொள்வனவே. தங்கை மனதில் இருந்தது இதுதான்.

வட அமெரிக்காவில் தனியாள் எடுக்கும் கார் குத்தகை வேறு வகையானது. அங்கு நீங்கள் காரின் விலையைக் கட்டுவதில்லை. மூன்றாண்டில் அதன் பெறுமதி எவ்வளவு தேயுமோ அந்தத் தேய்வையும், அதற்கான வட்டியையும், வரியையும் மட்டுமே கட்டுகிறீர்கள். முடிவில் காரைத் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதப்பட்ட எஞ்சிய பெறுமதியைச் செலுத்தி வாங்கிக்கொள்ளலாம்.

பாபிலோனிலிருந்து சிகாகோ வரை

இந்த ஏற்பாடு புதியதன்று. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டத் தொகுப்பில் எருதை வாடகைக்கு எடுப்பதற்கென்று தனி விதிகள் உள்ளன. உழவு எருதுக்கு ஓராண்டு வாடகை நான்கு 'குர்' தானியம். வாடகைக்கு எடுத்த எருதை வயலில் சிங்கம் கொன்றால் நட்டம் உரிமையாளருக்கு. எடுத்தவனின் அடியாலோ கவனக்குறைவாலோ எருது இறந்தால் எருதுக்கு எருது ஈடு கொடுக்க வேண்டும். கண்ணைக் கெடுத்தால் அதன் விலையில் பாதி.

இன்றைய கார் குத்தகைப் பத்திரத்தின் சாரம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதைக் காணலாம். வழமைக்கு மிஞ்சிய தேய்மானத்துக்கு எடுத்தவர் பொறுப்பு. அது எருதின் கண். சந்தை விலை எதிர்பாராமல் வீழ்ந்தால் உரிமையாளர் பொறுப்பு, அதுவே சிங்கம்.

மோட்டார் வாகனங்களுக்கு இம்முறையைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் சிகாகோ நகரின் கார் விற்பனையாளர் சோலி பிராங்க். 1939இல் அவர் நிறுவனங்களுக்கு நீண்டகால அடிப்படையில் கார்களைக் குத்தகைக்கு விடத் தொடங்கினார். நெடுங்காலம் இது வணிக நிறுவனங்களின் விவகாரமாகவே இருந்தது. தனியாட்கள் பெருமளவில் இதில் நுழைந்தமைக்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். கார்க் கடன் உள்ளிட்ட நுகர்வுக் கடன் வட்டிக்கு அமெரிக்க வருமான வரியில் இருந்த கழிவை 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் படிப்படியாக நீக்கியது. கடனுக்கு வாங்குவதன் ஒரு கவர்ச்சி போய்விட, குத்தகையின் குறைந்த மாதத் தவணை பளிச்சென்று தெரிந்தது.

இந்தத் தவணையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாமலே இருந்தது. 1976இலேயே நுகர்வோர் குத்தகைச் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், காருக்கு வைத்த விலை, எஞ்சிய பெறுமதி, தேய்வு, வாடகைக் கட்டணம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் காட்டும் புதிய விதிகள் 1998இன் தொடக்கத்தில்தான் கட்டாயமாகின. மொத்தக் கடப்பாடு 25,000 டொலரைத் தாண்டிய குத்தகைகளுக்கு அச்சட்டம் 2011 வரை பொருந்தவுமில்லை. விலையுயர்ந்த காரை எடுத்தவருக்கே பாதுகாப்புக் குறைவாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. வட்டி வீதத்தைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இன்றும் அங்கில்லை. 0.0025 என்பது போன்ற ஒரு சிறு எண்ணைக் காட்டுவார்கள். அதை 2,400ஆல் பெருக்கினால்தான் 6 வீத வட்டி என்பது விளங்கும்.

வேகக் கார்களின் வம்சம்

நான்கு கதவும் குடும்பத்துக்கு இடமும் உள்ள, ஆனால் பந்தயக் காரின் வேகமுடைய வாகனம் என்ற எண்ணமும் பழையதே. 1959இல் வந்த பிரித்தானியாவின் ஜகுவார் மார்க் 2 காரின் 3.8 லீற்றர் வகை மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. வங்கிக் கொள்ளையரும் அவர்களைத் துரத்திய பொலிஸாரும் அதையே விரும்பினர் என்பார்கள். ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1972இல் தனது பந்தயப் பிரிவை நிறுவியது. அப்பிரிவு எம்1 என்ற பந்தய வம்சக் காரின் எஞ்சினிலிருந்து உருவான 286 குதிரைவலு எஞ்சினைச் சாதாரண உத்தியோகத்தரின் கார் போன்ற ஓர் உடலுக்குள் பொருத்தி, 1980களின் நடுப்பகுதியில் எம்5 என்ற பெயரில் வெளியிட்டது. அந்த முதற் தலைமுறையில் ஏறத்தாழ 2,200 கார்களே செய்யப்பட்டன.

இவ்வகைக் கார்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் அவற்றின் விலை செங்குத்தாக இறங்கும். காரணம் எளிது. புதிய காரை வாங்குபவர் வேகத்தைப் பார்க்கிறார். இரண்டாவதாக வாங்குபவரோ உத்தரவாதம் முடிந்த பின்னர் வரப்போகும் கராஜ் செலவைப் பார்க்கிறார். அகலமான டயர், பெரிய பிரேக், நுணுக்கமான எஞ்சின் என்று எல்லாமே அவருக்குச் செலவாகத் தெரிகின்றன.

கணக்கு என்ன சொல்கிறது?

உதாரணத்துக்கு ஒரு காரின் விலை 100,000 டொலர் என்று கொள்வோம். மூன்றாண்டின் பின் எஞ்சிய பெறுமதி 55 வீதம் என்றால் தேய்வு 45,000 டொலர், மாதத்துக்கு 1,250. ஆண்டுக்கு 6 வீத வட்டி சராசரியாக 77,500 டொலருக்கு, மாதம் ஏறத்தாழ 388. ஆக, வரிக்கு முன் மாதத் தவணை 1,638 டொலர்.

அதே காருக்கு, அதே வட்டியில், எஞ்சிய பெறுமதியை 60 வீதம் என்று எழுதினால் தவணை ஏறத்தாழ 1,511 டொலராகக் குறையும். 36 மாதங்களில் வித்தியாசம் 4,550 டொலர். காரின் விலையில் ஒரு சதமும் குறையவில்லை. மாறியது எதிர்காலம் பற்றிய ஓர் ஊகம் மட்டுமே. காரின் விலைப்பட்டியலைக் குறைக்க விரும்பாத உற்பத்தியாளர்கள் எஞ்சிய பெறுமதியை உயர்த்தி எழுதி விற்பனையைத் தூண்டுவதுண்டு. அப்படிப்பட்ட வேளையில் குத்தகை நல்ல பேரம். ஏனெனில் அந்த ஊகம் பிழைத்தால் நட்டம் உங்களுடையதன்று.

இது வெறும் கற்பனையன்று. 2008இல் அமெரிக்காவில் பெற்றோல் விலை கலனுக்கு 4 டொலரைத் தாண்டியபோது பெரிய வாகனங்களின் பழைய சந்தை சரிந்தது. குத்தகை முடிந்து திரும்பிய வாகனங்கள் எழுதப்பட்ட பெறுமதியைவிட மிகக் குறைவாக விலைபோயின. போர்ட் நிறுவனத்தின் நிதிப் பிரிவு அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் மட்டும் 2.1 பில்லியன் டொலரை நட்டமாக எழுதியது. கிறைஸ்லரின் நிதி நிறுவனம் ஓகஸ்ட் மாதத்துடன் குத்தகை வழங்குவதையே நிறுத்தியது. சிங்கம் உரிமையாளரின் எருதைத் தின்றது.

மறுபுறமும் நிகழ்ந்தது. 2021, 2022இல் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் கிடைக்காமல், பழைய கார்களின் விலை வானேறியது. எழுதப்பட்ட பெறுமதிக்குக் காரை வாங்கி, சந்தையில் அதிக விலைக்கு விற்று இலாபம் கண்டோர் பலர். வேறு விற்பனையாளருக்கு விற்பதற்குச் சில நிறுவனங்கள் அவசரமாகத் தடை போட்டன. விலை வீழ்ந்தால் திருப்பிக் கொடுக்கலாம், ஏறினால் வாங்கிக்கொள்ளலாம் என்பதே இந்தக் குத்தகையின் உண்மையான பெறுமதி.

ஆனால் முப்பதாண்டுக் கண்ணால் பார்த்தால் கதை வேறு. அந்த முதல் எம்5ஐ அன்று வாங்கிப் பேணியவர், இன்று அதை வாங்கிய விலையைவிட அதிக டொலருக்கு ஏலத்தில் விற்கலாம். எனினும் எல்லாக் கார்களுக்கும் அந்த யோகம் இல்லை. 2005இல் வெளிவந்த, பத்துச் சிலிண்டரும் 507 குதிரைவலுவும் கொண்ட எம்5 இன்று புதிய விலையின் சிறு பகுதிக்கே கிடைக்கிறது; அதைப் பராமரிக்கும் செலவோ குறையவில்லை. எது பொக்கிஷமாகும், எது சுமையாகும் என்பதை வாங்கும் நாளில் அறிந்தவர் யாருமில்லை.

மருமகனுக்குச் சொன்னது

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "ஆண்டுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறாய்?" ஏறத்தாழ 30,000 என்றான். ஒப்பந்தத்திலோ ஆண்டுக்கு 16,000 என்று எழுதியிருந்தது. மிஞ்சும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 20 சதம். மூன்றாண்டில் 42,000 கிலோமீற்றர் மிஞ்சும். முடிவில் 8,400 டொலர் தனியாகக் கட்ட வேண்டும். விற்பனையாளர் அதைப் பற்றிப் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை.

குறைவாக ஓடுபவருக்கு, எஞ்சிய பெறுமதி உயர்வாக எழுதப்பட்டிருந்தால், உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், வேகக் காரைக் குத்தகைக்கு எடுப்பது வாங்குவதைவிட நியாயமான பேரம் என்பதே என் முடிவு. அதிகம் ஓடுபவருக்கும், ஒரே காரைப் பத்தாண்டு வைத்திருப்பவருக்கும் அது பொருந்தாது. மாதத் தவணை கட்டுப்படியாகிறது என்ற ஒரே காரணத்துக்காக, விலை கட்டுப்படியாகாத காரை எடுப்பவருக்கு எந்த முறையும் பொருந்தாது.

மருமகன் இரண்டு வாரம் யோசித்தான். பின்னர் வேறொருவர் மூன்றாண்டு குத்தகைக்கு ஓட்டித் திருப்பிக் கொடுத்த ஒரு காரை வாங்கினான். பெரிய தேய்வை அந்த முன்னவர் கட்டி முடித்திருந்தார். அது எம்3 அன்று. அதைவிட வேகம் குறைந்தது.

தங்கைதான் இன்னும் சமாதானமாகவில்லை. "பழைய கார்தானே அண்ணா" என்கிறாள். மண்ணெண்ணெயில் ஓடிய எங்கள் அப்பாவின் ஒஸ்டினில் பள்ளிக்கூடம் போனவள் அவள்.