பித்தப்பை நீங்கிய பின் நேரும் ஜீரண உபாதைகள்

1882ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பெர்லின் நகரத்து லாசரஸ் மருத்துவமனையில், கற்களை மட்டும் எடுத்துவிட்டுப் பையை உடலிலேயே விட்டுவைக்கும் அக்காலத்து வழக்கத்தைத் துறந்து, கற்கள் பிறக்குமிடம் பையாதலின் அதனையே களைய வேண்டும் என்னும் துணிபோடு, கார்ல் லாங்கன்புக் என்னும் சத்திர வைத்தியர் பித்தப்பையை முழுவதும் அகற்றினார். அந்த அவயவம் இன்றியும் மனிதன் உயிர்வாழ்வான் என்ற அவருடைய முடிவு இன்று ஐயமற நிலைபெற்றுவிட்டது. எனினும், அது நீங்கியபின் ஜீரணத்தில் யாதொரு மாறுதலும் நேராது என்பது அம்முடிவிலிருந்து பெறப்படுவதன்று. பெறப்படுவதாகக் கொண்டதனாலேயே, சிகிச்சைக்குப் பின் பேதியால் வருந்துவோர் பலர் தம் துன்பம் வெறும் மனப்பிரமை என்று சொல்லக் கேட்கும் அவலத்துக்கு ஆளாகின்றனர்.

ஈரல் நாள்தோறும் 600 முதல் 1000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. 30 முதல் 50 மில்லிலிட்டர் வரையே கொள்ளும் பித்தப்பையோ, அந்நீரைப் பன்மடங்கு செறிவாக்கிச் சேமித்து, கொழுப்புள்ள உணவு சிறுகுடலை எட்டியதும், 1928இல் ஐவி, ஓல்ட்பெர்க் என்னும் ஆய்வாளர்கள் கண்டறிந்த கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனின் ஏவலால் சுருங்கி அதனை வெளியிடுகிறது. பை போனபின்னும் பித்தநீர் குடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆதலின் பெரும்பாலோர் கொழுப்பை ஏறக்குறைய முன்போலவே ஜீரணிக்கின்றனர். கெடுவது அதன் வருகையின் கால ஒழுங்கு. பித்த அமிலங்களில் நூற்றுக்கு 95 பங்கு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கு மீள்வது இயல்பு. தங்கியிருக்க இடமின்மையால் இச்சுழற்சி உபவாச வேளையாகிய இரவிலும் ஓயாது நடைபெற, உறிஞ்சலுக்குத் தப்பிப் பெருங்குடலில் இறங்கும் பங்கு சிலரிடத்தே மிகுந்து, அங்கே நீரைச் சுரக்கச் செய்து குடலின் அசைவையும் விரைவுபடுத்துகிறது. காலையிலும் உண்ட மாத்திரத்திலும் எழும் அடக்கவொண்ணாத அவசரமும், அதற்கு அஞ்சிப் பிரயாணத்தையும் விருந்தையும் தவிர்க்கும் ஒடுங்கிய வாழ்வும் இதனால் விளைவன.

இப்பேதியின் ஸ்தானம் பெருங்குடலே என்று கொண்டால், எண்ணெயையும் நெய்யையும் ஆயுள் முழுவதும் விலக்குமாறு எல்லோருக்கும் பொதுவாக விதிப்பது நியாயமாகாது. கொழுப்பைச் சிறுகச் சிறுகப் பகிர்ந்துண்பது பலருக்குப் போதும். போதாதவர்க்கு, பித்த அமிலங்களைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும் கொலஸ்டைரமின் போன்ற மருந்து, பிற மருந்துகளோடு கலவாமல் உரிய இடைவெளிவிட்டு வைத்தியர் மேற்பார்வையில் தரப்பட்டால், நல்ல பயன் அளிக்கிறது. இம்மருந்தை முயன்றும் பாராமல் ஆண்டுக்கணக்கில் ஒருவரை வருந்தவிடுவது கொடுமை என்றே கருதுகிறேன்.

சிகிச்சைக்குப் பின் நேரும் வலியின் கதை வேறு. காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் உடன் தோன்றினால், பித்தநாளத்தில் எஞ்சிய கல் உண்டா என்று உடனே ஆராய்தல் வேண்டும். பரிசோதனைகளில் குற்றம் ஏதும் காணப்படாத வலிக்கோ, 1887இல் ஓடி என்பவர் வருணித்த பித்தநாளவாய்த் தசையின் இறுக்கமே காரணம் என நெடுங்காலம் கருதி, அதனை அறுத்துவந்தனர். 2014இல் அமெரிக்காவில் வெளியான, 214 பேரை உட்படுத்திய ஆய்வில், தசை அறுக்கப்பட்டோருள் நூற்றுக்கு 23 பேரே குணமடைய, அறுக்காமல் அறுத்தாற்போல் பாவனை மட்டும் செய்யப்பட்டோருள் நூற்றுக்கு 37 பேர் குணமடைந்தனர். இத்தகைய வலியுடையோர் சிலரிடத்தே, பித்தப்பை இருந்த காலத்திலேயே வேறொரு குடற்கோளாறு இருந்திருக்கக் கூடும். ஆகவே விலாவின்கீழ் மணிக்கணக்கில் நீடிக்கும் கடுவலியையும், நாள்தோறும் வந்துபோகும் வயிற்று உப்புசத்தையும், சத்திரசிகிச்சைக்கு முன்னரே வேறுபிரித்து எழுதிவைத்து, எது தீரும், எது தீராமல் இருக்கக்கூடும், எது புதிதாக வரக்கூடும் என்பவற்றை நோயாளரிடம் விளக்கிய பின்னரே சம்மதம் பெறுதல் வேண்டும்.